லோடர் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

சேகருக்கு அம்மா எழுதுவது.

இங்கே இருபத்திரண்டு மாடும் சுகம். புதிதாக வந்த கிடாரி கொட்டக் கொட்டத் தின்கிறது. உங்கப்பாவும் சுகம்தான். நான்தான் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறாதே. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து அந்த லோடர் வைத்த டிராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாய் என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து சோறு இறங்கமாட்டேன் என்கிறது. அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா, வெச்சிடட்டுமா" என்பாய். நேரில் சொல்லலாம் என்றால், உன் முகத்தைப் பார்த்துச் சொல்லுகிற தைரியம் எனக்கில்லை. அதனால் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று தபால்காரர் சொன்னார். முழுதாகப் படி. பாதியில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிராக்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இத்தனை மாட்டுச் சாணியையும் கூடையில் வாரித் தலையில் வைத்துக் குழியில் கொண்டுபோய்க் கொட்டுகிறவள் நான். லோடர் என்ன வேலை செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முன்னால் வாளி வைத்த வண்டி ஒன்று இருந்தால், நாலு பேர் காலை முழுக்கச் செய்கிற வேலையை ஒரே ஆள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். தீவனம் வெட்டும் மெஷினை அதிலேயே மாட்டி ஓட்டலாம், கரண்டு எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். வாடகை டிராக்டர்காரனை "அண்ணே, அண்ணே" என்று கெஞ்ச வேண்டாம். நீ கம்பெனி வேலையை விட்டுவிட்டு சுதாவையும் கூட்டிக்கொண்டு அடுத்த மாதம் இங்கேயே வந்து பண்ணையைப் பெரிதாக்கப் போகிறேன் என்றபோது, தெருவே என்னைத்தான் திட்டியது. "ஏம்மா, படிச்ச புள்ளயச் சாணி அள்ளக் கூப்புடுறியே, உனுக்கு இன்னா பைத்தியமா?" என்று கேட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். கல்யாணமான மூன்றாவது மாதமே மாமியார் வீட்டுக் கொட்டகையில் வேலை செய்ய வருகிறேன் என்று எந்தப் பெண் சொல்வாள்? சுதா சொன்னாள். டிராக்டர் ஓட்டவும் கற்றுக்கொள்வேன் என்றாள். அதுதான் என் பயத்தை இரட்டிப்பாக்கிவிட்டது.

எந்த வண்டி என்பதில்தான் என் உயிர் கிடந்து அடித்துக்கொள்கிறது. ஐம்பது குதிரைச் சக்திக்கு மேலே போகாதே. பெரிய வண்டி வாசலில் நின்றால் மிடுக்காகத்தான் இருக்கும், ஆனால் நம் கொட்டகையில் இரண்டு வரிசை மாட்டுக்கு நடுவில் அது திரும்ப இடமில்லை. ரொம்பச் சின்னதாகவும் எடுக்காதே. ஈரச் சாணி என்ன கனம் என்று உனக்குத் தெரியாது. வாளி நிறைய அள்ளித் தூக்கினால் சின்ன வண்டிக்கு முன்னச்சு தாங்காது, பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். பின்னால் எடை மாட்டாமல் லோடரில் கை வைக்கவே கூடாது. வாளியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓட்டக் கூடாது, முழங்கால் உயரத்தில் வைத்துக்கொண்டுதான் நகர வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் லோடர் வேலை செய்தால் ஒரு மாதத்தில் தோள்பட்டை போய்விடும். கிளட்ச் இரட்டைக் கிளட்சாக இருக்கட்டும், வண்டி நின்றாலும் தீவன மெஷின் நிற்கக் கூடாது. பிரேக் ஆயிலில் முங்கியிருக்கிற வகையாகப் பார், நம் கடற்காற்றுக்கு மற்றது ஆகாது. அதிலும் பெடலிலிருந்து போகிற ராடு வெளியில்தான் இருக்கும், அதை மறந்துவிடாதே. கழுவெளி ஏரிப் பக்கம் இருக்கிற நம் புல் நிலம் மேலே காய்ந்து வெடித்துக் கிடக்கும், அடியில் களி. பாரத்தோடு அங்கே இறங்கினால் முன்சக்கரம் அப்படியே புதையும்.

என்னடா இது, அம்மாவுக்கு முன்னச்சும் கிளட்சும் எப்போதிலிருந்து தெரியும் என்று யோசிக்கிறாயா? எனக்கு என்ன தெரியும்? அத்தனையும் உங்கப்பா சொன்னது. போன தடவை நீ வந்துவிட்டுப் போன பிறகு, தினமும் கொட்டகையில் தீவனத் தொட்டியைத் துடைத்துக்கொண்டே, என்னிடம் சொல்வது போலவும் மாட்டிடம் சொல்வது போலவும் முணுமுணுத்தது. "அதயெல்லாம் அவன்கிட்ட சொல்லுங்களேன்" என்றேன். "நான் சொன்னா அவன் கேப்பானா? படிச்சவன், அவனுக்குத் தெரியும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வண்டி பார்க்கக் கூடப் போங்கள் என்றதற்கு, "நான் எதுக்கு? ஆளுங்க சிரிப்பாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

போன தடவை நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. அந்த வண்டியின் கலர் போட்டோக்களைக் கொண்டுவந்து பாய் மேல் பரப்பினாய். சுனாமிக்குப் பிறகு கரையோரம் ரோடு போடவும் குப்பை அள்ளவும் கொண்டுவந்த வண்டி, ஒரு வருஷம்தான் ஓடியிருக்கிறது, புதுசு மாதிரி இருக்கிறது, விலையும் புதுசில் பாதிதான் என்றாய். உங்கப்பா ஒவ்வொரு போட்டோவாக எடுத்து, அந்த மடங்காத வலது கையில் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது உப்புத் தண்ணியில நின்ன வண்டிப்பா. பெடலுக்குக் கீழ பாரு, பெயின்ட் திட்டுத் திட்டா நிக்குது. பிரேக் ராடக் கழட்டிப் பாக்காம கை நீட்டிடாத." நீ சிரித்தாய். "பிரேக்கப் பத்தி நீங்க சொல்றீங்களாப்பா?" என்றாய்.

அவ்வளவுதான். நீ மோசமாக நினைத்துச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அவர் போட்டோக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உன்னிடம் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அப்போதுதான் தண்ணீர் காட்டி முடித்திருந்தார். நான் பால் வடிகட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அப்போது நான் பேசியிருக்க வேண்டும். வடிகட்டிய துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். டேய் சேகர், உங்கப்பாவைப் பார்த்து அப்படிச் சிரிக்க உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

இனிமேல்தான் நான் எழுத வந்தது. நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சித்திரையில் உன் அத்தைக்கு ஆபரேஷன் என்று உங்கப்பா புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பத்து நாள் துணைக்கு இருந்தார். நம் பழைய டிராக்டர் வீட்டில் சும்மா நின்றது. அந்த வண்டி விஷயத்தில் அவருக்கு ஒரே கட்டளை: யார் வந்து கேட்டாலும் உப்பளத்துக்குள் நம் வண்டி இறங்கக் கூடாது. அதிலும் உன் மாமாவுக்கு, அதுதான் என் தம்பிக்கு, கொடுக்கவே கூடாது. உன் காதுகுத்துப் பந்தியில் ஏதோ பேச்சு முற்றி இரண்டு பேரும் முகம் பார்ப்பதில்லை. அப்படியிருக்கும்போது ஒரு நாள் என் தம்பி ஓடி வந்தான். பாத்தியில் வாரிக் குவித்த உப்பு அப்படியே கிடக்கிறது, வானம் கறுத்து நிற்கிறது, வாடகை வண்டி ஒன்றுகூட இல்லை. "யக்கா, மானத்தப் பாரு. ஒரு மழ அடிச்சா அத்தினியும் தண்ணியாப் பூடும். ரெண்டே நாளு வண்டியக் குடு. மாமாவுக்குத் தெரியவே தெரியாது" என்று வாசலில் நின்று அழுதான். கூடப் பிறந்தவன். அவன் பிள்ளைகள் முகம் கண்ணுக்குள் வந்தது. ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து வண்டி திரும்பி வந்தபோது பெடலிலிருந்து சக்கரம் வரை வெள்ளை. ஓட்டி வந்த டிரைவர் நல்ல மனுஷன். "அக்கா, நல்ல தண்ணியில அலசிட்டு அடியில பூரா வேஸ்ட் ஆயில் அடிச்சிடுங்க, இல்லன்னா தின்னுடும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். உப்பளத்துக்காரர்கள் எல்லோரும் தினமும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மறுநாள் காலை உங்கப்பா வருகிறார். வேஸ்ட் ஆயில் அடித்தால் கறுப்பு தெரியும், நாற்றம் அடிக்கும், ஏன் அடித்தாய் என்று கேட்பார். நல்ல தண்ணீரோ தெருக்குழாயில் அன்று வரவில்லை, குடத்தில் இருந்தது குடிக்கவும் கன்றுகளுக்கும்தான் சரி. நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் வாசலில் இருந்த பழைய போர்வெல் மோட்டாரைப் போட்டு, ஹோஸ் பைப்பைப் பிடித்து, தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். பருப்பு வேகாத தண்ணீரடா அது! வாயில் வைத்தால் கரிக்கும். உப்பை உப்புத் தண்ணீரால் கழுவினேன். வெள்ளை போய்விட்டது, வண்டி பளபளவென்று ஆகிவிட்டது, அப்பாடா என்று உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியிருந்தது சுத்தம் இல்லை, அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்பதுதான்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் அந்த வண்டி ஓடியது. சக்கர ரிம்மில் துரு ஏறியதைப் பார்த்து, "கடக்காத்து இப்பிடி அரிக்குதே" என்று அவர் ஆச்சரியப்பட்டார். நான் ஆமாங்க என்றேன். தை மாதம் பெருமுக்கல் பக்கம் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்தார். வைக்கோல் கொடுத்த வீட்டில் வற்புறுத்தி ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள், குடித்திருக்கிறார். அதை நான் மறைக்கவில்லை, அதுவும் தப்புதான். ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வாய்க்காலில் கவிழ்ந்தது. மட்கார்டுக்கு அடியில் அவர் வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரல் போனது, மணிக்கட்டு மடங்காமல் போனது. இந்தச் சுற்று வட்டாரத்தில் உதைக்கிற மாடுகூட உங்கப்பா கை வைத்தால் நின்று கறக்கும். அந்தக் கை ஒரு சொட்டுப் பால் கறந்து பத்து வருஷம் ஆகிறது.

வண்டியைத் தூக்கி நிறுத்திய மெக்கானிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினார். "யக்கா, இது உப்பளத்துல ஓடுச்சா? ராடப் பாருங்க, கிள்ளுனா உதுருது. மனுஷன் நல்லா அழுத்தித்தான் மிதிச்சிருக்காரு. ரெண்டு சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் பெடலு, தனித்தனி ராடு. ஒரு பக்க ராடு அறுந்துபோச்சி, இன்னொரு பக்கம் மட்டும் புடிச்சிருக்குது. அதான் வண்டி திரும்பிக் கவுந்துடுச்சி." நான், "உப்பளமா? இல்லையே" என்றேன். "அவருகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க, இருக்கிற வேதனையே போதும்" என்றும் சொன்னேன். அந்த ராடைப் பழைய இரும்புக்காரன் மூட்டையில் என் கையாலேயே போட்டேன். மெக்கானிக் அடுத்த வருஷமே வெளிநாடு போய்விட்டார். உன் மாமாவுக்குத் தெரியும், அவன் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்க விடவில்லை.

ஊர் என்ன பேசும்? குடித்துவிட்டு பிரேக்கை மிதிக்காமல் கவிழ்த்துவிட்டான் என்று பேசியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் என்னிடம், "நான் மிதிச்சேம்மே, எனக்கு ஞாபகம் இருக்குது" என்று சொன்னார். ஆறு மாதம் கழித்து, "மிதிச்சேன்னுதான் நெனைக்கிறேன்" என்றார். இரண்டு வருஷம் கழித்து யாரோ கேட்டபோது, "போதையில இன்னா தெரியும், மிதிக்கல போல இருக்குது" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வண்டியை விற்றார், குடியை அன்றோடு விட்டார், அதற்குப் பிறகு ஒரு டிராக்டர் சீட்டிலும் ஏறவில்லை. நீ பள்ளிக்கூடப் பையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து, வராந்தாவில் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா குடிச்சிருந்தாராம்மா?" என்று கேட்டாய். நான், "கொஞ்சம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன் சேகர். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் வாரம் பயம். என்னையும் என் தம்பியையும் வெட்டிப் போட்டுவிடுவார் என்ற பயம். அப்புறம் காயம் ஆறட்டும் என்று நினைத்தேன், அப்புறம் உன் பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். சொல்லாமல் தள்ளிப்போட்டதற்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் கிடைத்தது. இப்போது அதே மாதிரி உப்பில் ஊறிய வண்டி, அதே மாதிரி மேலே பெயின்ட், அதில் நீ உட்காரப் போகிறாய், சுதா உட்காரப் போகிறாள், முன்னால் வாளியில் அரை டன் தொங்கப் போகிறது. சாணிக் குழிச் சரிவில் ஒரு தடவை பிரேக் அறுந்தால் என்ன ஆகும்? கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்து ஒரு கை போனது போதாதா?

அதனால் ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. அவர் முன்னால் நடக்கட்டும், நீ பின்னால் போ. வண்டிக்காரன் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவான், வாளியை ஏற்றி இறக்கிக் காட்டுவான், அதில் மயங்காதே. பிரேக் ராடைக் கழற்றச் சொல். லோடரைக் கோத்திருக்கிற இரும்புப் பின்களை அடித்து வெளியே எடுக்கச் சொல். மாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடு. உங்கப்பா வேண்டாம் என்று தலையாட்டினால் வேண்டாம், இப்போதைக்குப் புது வண்டியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், லோடரை அடுத்த வருஷம் பொருத்திக்கொள்ளலாம். அதுவரை நான் கூடையிலேயே வாருகிறேன், என் தலை ஒன்றும் தேய்ந்துவிடாது.

இதுவரை காலையில் எழுதி மடித்து வைத்துவிட்டேன். பிறகு மனசு கேட்கவில்லை. அவரிடம் சொல்லாமல் பிள்ளையிடம் சொல்வது இன்னொரு திருட்டுத்தனம் இல்லையா? மத்தியானப் பால் கறக்கும்போது சொன்னேன். மாட்டு வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், கை நிற்காமல் கறந்துகொண்டே, தம்பி வந்ததிலிருந்து ராடைத் தூக்கிப் போட்டதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் மிதிச்சேன்" என்றார்.

"மிதிச்சீங்க."

"ரெண்டு பெடலயும் சேத்துதான் மிதிச்சேன்."

"ஆமாங்க. என்னைத் திட்டுங்க. அடிக்கணும்னா அடிங்க" என்றேன். அவர் காதிலேயே விழவில்லை. கொட்டகையை விட்டு வெளியே போனார், திரும்பி வந்தார். "மெக்கானிக்கு நல்லா அழுத்தித்தான்னு சொன்னாரா?" என்றார். சொன்னார் என்றேன். பால் வண்டி வந்து போவதற்குள் இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டார். நான் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் ஒருநாள் கேட்பார், நான் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். என்னைத் திட்டுவார் என்று பயந்து பத்து வருஷம் அவரைச் சாகடித்திருக்கிறேன், பாவி.

இந்தக் கடைசி வரிகளை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசற்படியில் வந்து நின்றார். "சேகருக்கா எழுதுற?" என்றார். ஆமாம் என்றேன். போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"நான் மிதிச்சேன்னு எழுதிட்டியா?" என்று கேட்டார்.

எழுதிவிட்டேன் என்றேன். நம்பினாரோ என்னவோ, பொய் சொன்ன வாய்தானே இது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும், பையைக் கீழே வைப்பதற்கு முன்னால், நீ உன் வாயால் அதை அவரிடம் சொல்லு.

உன் அம்மா